பாதியில் நின்ற மொட்டை

சில வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், பலெர்மோவில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இது நடந்தது. நாங்கள் இருப்பது நகரின் கிழக்கு ஓரத்தில், பிரான்காச்சோவில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில். குளியலறை மிகவும் சிறியது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் என் மனைவி இருந்தாள். அவளுக்குப் பின்னால் சவரக்கத்தியோடு நான் நின்றேன். அவளுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டுப் புற்றுநோய் என்றார்கள். அதிலும் கொஞ்சம் மூர்க்கமான வகை என்று டாக்டர் சொன்னதை மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். எங்கள் வீட்டில் இத்தாலியன் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் அவள்தான் பேசுவாள். நான் பின்னால் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. வீட்டு வேலைக்குத் தேவையான மொழி தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் எனக்கு அப்படித்தான்.

கழுத்தை அறுத்துச் சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். அதன் பிறகு அவளுக்குக் குரல் இல்லாமல் போனது. காற்று மட்டும்தான் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் தேவாரம் படிக்கிறவள் அவள். குரல் திரும்பி வந்தால் முடி இறக்குவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கோடை தொடங்கும்போது குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் அது அவளுடைய குரல்தான்.

நான் பூமுடி கொடுப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். அதாவது மொட்டை போடாமல் முன்னாலும் பக்கங்களிலும் கொஞ்சம் முடியை மட்டும் வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பது. பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவள் வேலைக்குப் போகிற வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, என்ன நினைப்பா என்ற யோசனையும் எனக்கு இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி வேறு.

அவள் கேட்டாள், "குரல் பாதியாயே வந்தது? முழுசாத்தானே வந்தது. பிறகென்ன பூமுடி?"

பூமுடிப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இங்கே கோயில் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். முடி இறக்க அங்கே ஆள் கிடையாது. பல்லரோ சந்தைப் பக்கம் சவரக்கடைகள் இருக்கின்றன. எல்லாம் ஆண்கள் நிறைந்த கடைகள். அங்கே போய் இருக்க அவளுக்குக் கூச்சம். "நீங்கள்தானே அந்தக் கிழவருக்குச் சவரம் செய்யிறனீங்கள், எனக்கும் செய்யுங்கோ" என்றாள்.

உண்மைதான். வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் முதல் வேலை அவருக்குச் சவரம். முதுமையில் அவருடைய தோல் நனைந்த காகிதம் போல ஆகிவிட்டது. மச்சங்களும் மருக்களும் நிறைய. அதனால் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. இடது கை விரல் முன்னால் போய்த் தோலைத் தடவி, இழுத்துப் பிடிக்கும். அதன் பிறகுதான் கத்தி போகும். விரல் போகாத இடத்துக்குக் கத்தியை நான் விடுவதில்லை.

அன்று அவளுடைய முடியை நனைத்து, இரண்டு பக்கமும் இரண்டு முடிச்சாகக் கட்டினோம். அவள் கண்ணை மூடி அம்மாளாச்சியைக் கும்பிட்டாள். வலது பக்கத்தை நெற்றியிலிருந்து தொடங்கினேன். கட்டிய முடி அப்படியே கொத்தாகக் கழன்று வந்தது. அதை ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். அந்தப் பக்கம் முழுவதும் வழித்து முடித்து இடது பக்கத்துக்கு வந்தேன். காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால், முடிக்குள் போன விரல் ஒரு மெத்தென்ற இடத்தில் ஏறியது.

சின்ன எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருந்தது. முடி அடர்த்தியில் வெளியே தெரியாது. நான் விரலை எடுக்கவில்லை. அது துடித்தது.

என் விரலின் துடிப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். விரலை மாற்றி வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கையில் பிடித்த ஒரு குருவிக்குஞ்சின் நெஞ்சு போல, அது தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா நிப்பாட்டிப் போட்டியள்?"

"இது எப்ப வந்தது?"

"எது? ஓ, அதுவோ? சிஞ்ஞோரா வீட்டிலை அலுமாரிக் கதவு இடிச்சது. எண்ணெய் பூசிறனான், வத்திப்போகும். கெதியா வழியுங்கோ, பூசை தொடங்கப்போகுது."

இடித்த வீக்கம் துடிக்குமா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக எனக்கு வைத்திய அறிவு ஒன்றும் கிடையாது. கத்தியை அந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கை மறுத்தது. அவ்வளவுதான்.

"நான் வழிக்கமாட்டன். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அவளால் நம்ப முடியவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் வெறும் தலை. மற்றப் பக்கம் முடி. "விசரே உங்களுக்கு? நேர்த்தியைப் பாதியிலை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்கோ? அம்மாளாச்சிக்கு என்ன சொல்லுறது? தாங்கோ கத்தியை, நான் வழிக்கிறன்" என்று கையை நீட்டினாள். நான் கத்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் சொன்ன ஒன்றுக்கு நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழத் தொடங்கினாள். நோயை நினைத்து அல்ல, நேர்த்தியை நினைத்து.

சால்வையால் தலையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் சால்வை சரிந்து தலை தெரிந்தது. பின் இருக்கையில் இருந்த இரண்டு பெடியன்கள் ஏதோ சொன்னார்கள். மகள் திரும்பி, இந்த ஊர்ப் பேச்சிலேயே அவர்களுக்கு நன்றாகக் கொடுத்தாள். பிறகு தாயின் காதில், "அம்மா, அவங்கள் நக்கலடிக்கேல்லை. பெல்லிஸ்ஸிமா எண்டுறாங்கள். நல்ல வடிவாம், ஸ்டைலாம்" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் ஒரு தாதி இருந்தா. பருத்த உடம்பு, நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. சால்வையை மெதுவாக விலக்கிப் பார்த்தா. அழுது வீங்கிய என் மனைவியின் முகத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தா. மடித்த சவரக்கத்தியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுவரை எனக்கு அந்த நினைவே இல்லை.

இதை யார் செய்தது என்று இத்தாலியனில் கேட்டா.

மகள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், "நான்."

தாதி கத்தியைக் கேட்டு வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தா. மனைவியை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினா. மகளையும் விடவில்லை. ஒரு காவலாளி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான். காத்திருந்த சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. மகள் மன்றாடி விளங்கப்படுத்த முயன்றாள். "அப்பா, நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, நான் கதைக்கிறன்" என்றாள். நான் எங்கே கதைத்தேன்? நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படிக் கூசி நின்றதில்லை.

உள்ளே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். தாதி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, வீட்டில் அடிக்கிறாரா, முடியைப் பலவந்தமாக வெட்டினாரா, இங்கே நீ எதுவும் சொல்லலாம் என்று கேட்டாவாம். "இவரோ? கறிக்கு உப்பில்லாட்டியும் வாய் திறக்காமல் சாப்பிடுற மனுசன்" என்று இவள் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாளாம். பிறகு தலையைத் திருப்பித் தாதியின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாளாம். தாதி உடனே எழுந்து டாக்டரைக் கூப்பிட ஓடினாவாம்.

அன்றே படங்கள் எடுத்தார்கள். அவளை வீட்டுக்கு விடவில்லை.

சில நாட்களில் ஓர் இளம் பெண் டாக்டர் எங்களை இருக்க வைத்துப் பேசினா. டாக்டர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மகள் என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள், "அப்பா, கழுத்திலை இருந்த வருத்தம்தானாம். இரத்தத்தோடை போய் மண்டை எலும்புக்குள்ளை இருக்குதாம். ஒரு சிறுநீரகத்திலையும் இருக்குதாம்."

கழுத்தில் வந்தது தலைக்கும் வயிற்றுக்கும் எப்படிப் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. மகளைக் கேட்கச் சொன்னேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னா. இந்த நோய் பரவினால் வழக்கமாக நுரையீரலுக்குப் போகுமாம், வேறு சில எலும்புகளுக்கும் போகுமாம். மண்டை எலும்பைத் தின்று, இப்படி வெளியே வந்து துடிப்பதையும், சிறுநீரகத்தில் போய் இருப்பதையும் எப்போதாவதுதான் பார்ப்பார்களாம். அந்தக் கட்டி முழுக்க இரத்தக் குழாயாம். கத்தி பட்டிருந்தால் வீட்டில் வைத்து இரத்தத்தை நிறுத்தியிருக்க முடியாதாம். தொடாமல் விட்டிருந்தாலும் ஆபத்துத்தானாம். அது உள்பக்கமாகவும் வளர்ந்துகொண்டிருந்ததாம்.

இன்னொன்றும் சொன்னா. அந்த நோய் எங்கே போய்த் தங்கினாலும் தான் இன்னும் கழுத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுமாம். மண்டைக்குள் இருந்துகொண்டு கழுத்துச் சுரப்பியின் வேலையைச் செய்துகொண்டிருக்குமாம். அதை வைத்துத்தான் அதைத் தேடிப் பிடிக்கவும் முடியுமாம். பிரான்காச்சோவில் இருந்துகொண்டு ஆடி வெள்ளிக்கு மொட்டை போடுகிற எங்களுக்கு அது விளங்காமல் போகுமா? ஆனால் அந்த நேரம் அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றவில்லை. சவரக்கத்தி பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திக்கும் அந்தக் கட்டிக்கும் இடையில் இருந்தது ஒரு விரல் அகலம்தான்.

சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்தார்கள். கட்டிலில் அவள் சால்வையைக் கழற்றாமலே கிடந்தாள். மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரே ஒரு கவலைதான் திரும்பத் திரும்ப வந்தது. "மிச்ச முடியை இவை வழிச்சுக் குப்பைக்குள்ளை போடப்போயினம். பாதி வீட்டிலை தாம்பாளத்திலை கிடக்குது. பாதி குப்பைக்குள்ளை. நான் அம்மாளாச்சிக்கு என்னத்தைக் குடுக்கிறது? நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ."

"பிள்ளை வரட்டும், அவள் கேப்பாள்" என்றேன்.

ஆனால் அன்று மகளுக்குப் பரீட்சை. அவள் வருவதற்கு முன்பே அறைக்கதவு திறந்தது. முடி வெட்டும் மெஷினோடு வந்தது அவசரப் பிரிவில் இருந்த அதே தாதி. தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இவளைப் பார்க்க மாடிக்கு வந்தாவாம். இந்த வேலையை நானே செய்கிறேன் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தா. என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தா. எனக்குக் காது சூடேறியது. அந்தக் கதவும் அந்தக் காவலாளியும் மனதில் வந்தார்கள்.

மனைவி என்னைப் பார்த்தாள். சால்வைக்குள் இருந்த முடியைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

நான் எழுந்து நின்றேன். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. முடியைக் காட்டினேன். குப்பைத் தொட்டியைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினேன். மேலே காட்டிக் கும்பிட்டேன். அப்போது ஒரு சொல் நினைவுக்கு வந்தது. நான் பார்த்துக்கொள்ளும் கிழவர் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளி இருதயம் தொங்கும். அது என்னவென்று ஒருநாள் கேட்டபோது, வோத்தோ என்று சொன்னார். நேர்த்திக்கடன்.

"வோத்தோ" என்றேன். "என் மனைவியின் வோத்தோ. முடி வேண்டும். எல்லாம் வேண்டும். தயவுசெய்து."

தாதி மெஷினை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தா. எங்களுக்கு விளங்கும்படி மெதுவாகப் பேசினா. தான் சிறுமியாக இருந்தபோது தம்பி சாகக் கிடந்தானாம். அவன் பிழைத்ததும் தாய் தன் பின்னலை அடியோடு அறுத்து, மலை மேல் குகைக்கோயிலில் இருந்து இந்த நகரத்தைக் காக்கிற புனிதைக்குக் கொடுத்தாவாம். கொடுத்துவிட்டு வந்த தாயை அடையாளம் தெரியாமல் தான் ஒளித்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தா. அந்தப் புனிதையை எங்களுக்கும் தெரியும். சைவக்காரர் நாங்களும் அந்த மலை ஏறியிருக்கிறோம்.

பிறகு என்னைப் பார்த்து, உங்களில் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டா.

நான் தண்ணீரைக் கையில் எடுத்து மனைவியின் உச்சியில் வைத்தேன். அவள் கண்ணை மூடினாள். தாதி அலுமாரியிலிருந்து தோய்த்து மடித்த தலையணை உறை ஒன்றை எடுத்து அவள் தோளில் விரித்தா. மெஷினைக் கையில் எடுத்தா. ஆனால் தொடங்கவில்லை. என் இடது கையைப் பிடித்து மனைவியின் தலையில் வைத்தா. "நீ முன்னால் போ" என்றா. "நான் பின்னால் வருகிறேன்."

அப்படித்தான் செய்தோம். என் விரல் முன்னால் போனது. அவவின் மெஷின் பின்னால் வந்தது. கட்டி வந்த இடத்தில் நான் கையைக் குவித்து அதை மூடிக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அது துடித்துக்கொண்டிருந்தது. மெஷின் என் விரல்களைச் சுற்றிக்கொண்டு போனது. கட்டியின் மேல் இருந்த முடியைத் தாதி சின்னக் கத்தரிக்கோலால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு பிடியாக வெட்டினா. மனைவி கரகரத்த குரலில் மெல்லத் தேவாரம் சொன்னாள். முடியும் வரை அவள் நிறுத்தவில்லை.

முடியைத் தாதி ஒரு மயிர் விடாமல் பொறுக்கி உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டா. அதை இரண்டு கையாலும் என்னிடம் தந்தா. அதோடு தன் பையைத் திறந்து, ஒரு கடதாசியில் சுற்றிய என் சவரக்கத்தியையும் தந்தா. அன்றைய நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவ கேட்டிருக்கவும் கூடாது. அந்தக் கதவைச் சாத்தி என்னை வெளியே நிறுத்தியது என் மனைவிக்காகத்தானே. எந்த ஊரோ தெரியாத ஒரு பெண்ணுக்காக அவ்வளவு யோசித்த ஒருத்தி அந்த வாசலில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று இப்போது நினைக்கிறேன்.

கட்டியை எடுத்தார்கள். நீண்ட நேரம் எடுத்தது. அவள் கண் விழித்ததும், முடி எங்கே என்றுதான் கேட்டாள். வீட்டுத் தாம்பாளத்தில் இருந்த பாதியையும் தலையணை உறையில் இருந்த பாதியையும் ஒன்றாக வைத்து நானும் மகளும் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். பிறகு அவள் வந்து, கட்டுப் போட்ட தலையில் சந்தனம் பூச முடியாமல் நெற்றியில் மட்டும் பூசிக்கொண்டு கும்பிட்டாள்.

நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சிறுநீரகத்தில் இருப்பதற்கும், பிறகு நுரையீரலில் கண்டதற்கும் வைத்தியம் நடக்கிறது. சில மாதங்கள் நன்றாக இருப்பாள். சில மாதங்கள் படுத்திருப்பாள். முடி வளர்ந்துவிட்டது. முன்னைய நீளம் இல்லை. காதுக்கு மேலே அந்த இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெறுமையாக இருக்கிறது.

காலையில் வேலைக்குப் போக முன், அவளுக்குத் தலை வாரிவிடுவது இப்போது என் பழக்கம். சீப்பை வைக்க முதல் என் விரல் அந்த இடத்துக்குப் போய் நிற்கும். அவளும் தலையை அசைக்காமல் இருப்பாள். "என்னப்பா, துடிக்குதே?" என்று கேட்பாள். "இல்லை" என்பேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கிடைக்கும் ஒவ்வொரு காலையும் எனக்குத் தரப்பட்டது என்பதை அறிந்துகொண்டுதான் நான் பஸ் ஏறப் போகிறேன்.